அகலமா, ஆழமா? ஓர் ஊர்மேட்டில் முதல் குழியைப் போடுவதற்கு முன்

ஆற்றங்கரையில் ஒரு மேடு. பத்து ஏக்கர் இருக்கும். ஊரார் நத்தமேடு என்றோ பாண்டிமேடு என்றோ சொல்வார்கள். ஏர் ஓட்டினால் கறுப்பு சிவப்புப் பானையோடுகள் மேலே வரும். நல்ல மழை பெய்த மறுநாள் பிள்ளைகள் பாசிமணி பொறுக்குவார்கள். தோண்டுவதற்கு அனுமதி வந்துவிட்டது. கையில் பத்துக் குழி போடுகிற அளவுக்குப் பணம் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள், அதாவது செப்டம்பர் கடைசிக்குள், எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். பத்துக் குழியையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஊர் எப்படி இருந்தது என்று பார்ப்பதா? இரண்டு மூன்று குழியை மட்டும் கன்னி மண் வரை, அதாவது மனிதர் கால் படாத அடி மண் வரை, இறக்கி ஊருக்கு எத்தனை வயது என்று பார்ப்பதா? இல்லை, இந்த ஆண்டு மண்வெட்டியைத் தொடாமலே இருப்பதா?

இந்தக் கேள்விக்குப் பல இடங்களில் யாரும் உட்கார்ந்து விடை தேடுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம். எந்தத் தோப்புக்காரர் இடம் கொடுத்தாரோ அங்கே முதல் குழி விழுகிறது. அதில் செங்கல் சுவர் ஒன்று தலைகாட்டினால், அதன் பின்னாலேயே அடுத்த குழி போகிறது. மாதம் மூன்று போனபிறகு, நாம் என்ன கேள்வியோடு வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுவிடுவோம். பத்து ஏக்கர் என்பது ஏறக்குறைய 40,000 சதுர மீட்டர். ஐந்துக்கு ஐந்து மீட்டர் குழி ஒன்று 25 சதுர மீட்டர். பத்துக் குழியும் சேர்ந்தால் 250. மேட்டில் 160-இல் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கை வைத்துத்தான் மிச்சம் 159 பங்கையும் பற்றிப் பேசப்போகிறோம். தோண்டிய மண்ணைத் திரும்பக் குழியில் தள்ளிவிடலாம், அடுக்கைத் திரும்ப அடுக்க முடியாது. அதனால் தேர்வு முக்கியம்.

நம் பக்கத்தில் இதற்கு அரிக்கமேட்டைவிட நல்ல பாடம் வேறு எனக்குத் தெரியவில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில், வீராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் அங்கிருந்து பழைய செங்கற்களைத் தோண்டி எடுத்துப்போகிறார்கள் என்று 1734-லேயே பிரெஞ்சுக்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். 1944-இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தில் ரோமானிய மதுச்சாடி ஒன்றின் உடைந்த பகுதியைப் பார்த்தார். அது வந்த இடம் அரிக்கமேடு. அடுத்த ஆண்டே, 1945-இல், மாணவர்களோடு அங்கே போய் ஒரு பருவம் தோண்டினார். 1946-இல் அறிக்கை அச்சில் வந்துவிட்டது. அந்த வேகத்தை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது.

வீலர் அங்கே போனதற்குத் தெளிவான ஒரு கேள்வி இருந்தது. தென்னிந்தியப் பானையோடுகளுக்கு அப்போது உறுதியான தேதி கிடையாது. கரியை வைத்து வயது சொல்லும் ரேடியோ கார்பன் முறை வந்ததே 1949-இல்தான். ஆனால் இத்தாலியின் அரெஸ்ஸோவில் செய்த சிவப்பு மெருகுப் பாண்டத்துக்கு அங்கே தேதி தெரியும். அந்தப் பாண்டம் எந்த மண்ணடுக்கில் கிடக்கிறதோ, அதே அடுக்கில் கிடக்கும் நம் ஊர் ஓடுகளுக்கும் அதே தேதிதானே? இந்தக் கேள்விக்கு அடுக்குதான் விடை சொல்லும். ஆகவே அவர் அடுக்கைத் தேடி இறங்கினார். கி.பி. முதல் நூற்றாண்டு என்று ஒரு புள்ளி கிடைத்தது. உட்புறம் சக்கரக் கோலம் போட்ட ரௌலட்டட் ஓடுகளுக்கு அந்தத் தேதியை வைத்தார். 1947-இல் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் தோண்டியபோது அதே ஓட்டைப் பிடித்துக்கொண்டு அங்குள்ள அடுக்குகளுக்கும் தேதி சொன்னார்.

சரி, இது ஆழத்துக்குக் கிடைத்த வெற்றி. அதன் விலை என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஆழமாக இறங்குவது

ஆழக் குழியின் பெரிய பலம் வரிசை. எது முதலில், எது பிறகு, எங்கே ஊர் எரிந்தது, எங்கே வெள்ளம் வந்து வண்டல் படிந்தது, எந்தக் காலத்தில் ஆளில்லாமல் கிடந்தது, எல்லாம் குழியின் நான்கு சுவரிலும் கோடுகோடாகத் தெரியும். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் சுவரைக் கரணையால் சீவி, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். காய்ந்திருக்கும்போது ஒரே பழுப்பாகத் தெரிந்த சுவர் ஈரம் பட்டதும் பிரியும். சாம்பல் படிந்த கருமை, களிமண் தரையின் மஞ்சள், ஆற்று மணலின் வெளிர் நிறம். பத்து நிமிடத்தில் மறுபடி காய்ந்துவிடும். அதற்குள் ஆணி அடித்து, கோடு கீறி, வரைந்துகொள்ள வேண்டும்.

அந்த வரைபடத்தை நாளைக்கு என்று தள்ளக் கூடாது. ஓர் ஆற்றங்கரை மேட்டில் நாங்கள் தள்ளினோம். நாலு மீட்டர் இறங்கிய குழி, அருமையான சுவர், வரைவதை மறுநாள் காலைக்கு வைத்திருந்தோம். செப்டம்பர் மாதம். இரவு அடித்த மழையில் இரண்டு குழிகளுக்கு நடுவே விட்டிருந்த வரப்பு அப்படியே உட்கார்ந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தபோது குழிக்குள் முழங்கால் அளவு சேறு. ஓடுகள் எல்லாம் பத்திரமாகப் பையில் இருந்தன. அவை எந்த அடுக்கிலிருந்து வந்தன என்று காட்டும் சுவர்தான் இல்லை. அந்தக் குழியை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

ஆழத்தில் இன்னொரு சிக்கல், திட்டம் போடும்போது பலர் கணக்கில் எடுக்காதது. ஐந்துக்கு ஐந்து என்று மேலே ஆரம்பித்தால் அடிவரை ஐந்துக்கு ஐந்தாகவே போக முடியாது. சுவர் சரிந்து ஆள்மேல் விழும். மீட்டருக்கு ஒருமுறை சுற்றிலும் அரை மீட்டர் படி விட்டுக்கொண்டே போக வேண்டும். முதல் மீட்டரில் 25 சதுர மீட்டர், இரண்டாவதில் 16, மூன்றாவதில் 9, நான்காவது மீட்டரில் வெறும் 4. இரண்டு கட்டில் போடுகிற இடம். ஊரின் மிகப் பழைய காலத்தைப் பற்றி நாம் சொல்லப்போவதெல்லாம் அந்த இரண்டு கட்டில் இடத்திலிருந்துதான் வருகிறது. அங்கே பானை எழுத்து கிடைக்கவில்லை என்றால் அந்தக் காலத்தில் எழுத்தே இல்லை என்று எழுதிவிட முடியாது. ஆனால் எழுதிவிடுகிறார்கள்.

பாலஸ்தீனத்தின் எரிகோவில் ஆங்கிலேயத் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் 1952 முதல் 1958 வரை தோண்டியது ஆழ முறையின் சாதனை என்றே சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் அங்கே தோண்டிய கார்ஸ்டாங் இடிந்து கிடந்த மதில்களைப் பார்த்துவிட்டு, விவிலியத்தில் வரும் யோசுவா காலத்து மதில் இதுவே என்றார். கென்யன் அடுக்கடுக்காக இறங்கிப் பார்த்து, அந்த மதில் அதற்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகள் முந்தையது என்று காட்டினார். இன்னும் கீழே, சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்கில், எட்டரை மீட்டர் உயரக் கல் கோபுரம் ஒன்று உள்ளே படிக்கட்டோடு நின்றது. அத்தனை கீழே அப்படி ஒன்று இருக்கும் என்று மேலே அகலமாகத் தோண்டியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கோபுரத்தைச் சுற்றி எத்தனை வீடுகள், அதைக் கட்டியவர்கள் எந்தப் பக்கம் குடியிருந்தார்கள் என்பதற்கு அந்த ஒடுங்கிய வெட்டில் பாதி விடைகூட இல்லை.

தண்ணீர் ஊறும் இடத்தில் ஆழம் என்பது தனிப் போராட்டம். மொகஞ்சதாரோவில் சிந்து நதி தன் வண்டலைக் கொட்டிக் கொட்டி நிலத்தையே உயர்த்திவிட்டது. நீர்மட்டமும் மேலே ஏறிவிட்டது. 1960-களில் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் துளை போட்டுப் பார்த்தபோது இன்றைய சமவெளிக்கு 39 அடி கீழே வரை மனிதர் வாழ்ந்த தடயம் இருந்தது. அந்த அடி ஊரை இதுவரை யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. அரிக்கமேட்டிலும் அடி அடுக்குகள் நீர்மட்டத்துக்குக் கீழே போகின்றன. ஆற்றங்கரை மேட்டில் ஆழத்துக்குத் திட்டம் போடுகிறவர் பக்கத்துக் கிணற்றில் கோடையில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்பதை முதலில் விசாரிக்கட்டும்.

அகலமாகத் திறப்பது

தெரு, முற்றம், வீட்டுக்குப் பின்னால் உறைகிணறு (சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய கிணறு), கிணற்றிலிருந்து ஓடும் சாக்கடை. இவற்றைப் பார்க்க அகலம் வேண்டும். ஒரு குழிக்குள் தெரிகிற மூன்று அடிச் செங்கல் வரிசை வீட்டுச் சுவரா, மதிலா, தொட்டியின் கரையா என்று அடுத்த குழி திறக்கும்வரை தெரியாது. மக்களுக்கும் அகலம்தான் பிடிக்கும். திறந்துவைத்த சுவர்களைப் பார்க்கக் கீழடிக்கு வந்த கூட்டம் ஒரு நாலு மீட்டர் ஆழக் குழியைப் பார்க்க வந்திருக்காது. அதில் தவறொன்றும் இல்லை. தன் ஊர் பழைய ஊர் என்று கண்ணால் பார்க்கும் உரிமை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இருக்கிறது.

இந்த வழியில் பெரிதாகப் போனவர் வீலருக்கு முன்பு அதே தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக இருந்த ஜான் மார்ஷல். இன்று பாகிஸ்தானில் இருக்கும் தட்சசீலத்தில் 1913 தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் தோண்டி, சிர்கப் நகரத்தின் தெருக்களை அப்படியே திறந்துகாட்டினார். மொகஞ்சதாரோவிலும் 1920-களில் அதே பாணி. நகரத்தின் வரைபடம் கிடைத்தது. ஆனால் பொருள்களைப் பதிந்தது மண்ணடுக்குப்படி இல்லை, ஒரு நிலையான புள்ளியிலிருந்து எத்தனை அடி கீழே என்ற கணக்குப்படி. இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். ஒரு உறைகிணறு போதும் காட்டுவதற்கு.

கி.பி. முதல் நூற்றாண்டில் ஒருவர் தன் வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டுகிறார். அவர் காலால் மிதிக்கிற தரையிலிருந்து மூன்று மீட்டர் கீழே போகிறார். போகிற வழியில் முந்நூறு ஆண்டுப் பழைய தரைகளை எல்லாம் அறுத்துக்கொண்டு போகிறார். தண்ணீர் இறைக்கும்போது ஒரு குடம் நழுவி அடியில் உடைகிறது. இப்போது அந்தக் குடத்தின் ஓடு கி.மு. மூன்றாம் நூற்றாண்டுத் தரைக்கும் கீழே கிடக்கிறது. ஆழத்தை மட்டும் அளந்து எழுதினால் இளைய பொருள் மூத்ததாகிவிடும். கிணற்றின் விளிம்பைக் கண்டுபிடித்து, அதன் உள்ளே இருப்பதைத் தனியாக எடுத்தால்தான் தப்பிக்கலாம்.

அந்த விளிம்பை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் நாம் இல்லை. ஒருநாள் எங்கள் குழியில் மண் அள்ளிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டு, "சார், இந்தப் பக்கம் மண்ணு பொதபொதன்னு விழுகுது, அந்தப் பக்கம் கட்டியா இருக்கு, பாருங்க" என்றார். எனக்கு இரண்டும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தது. அவர் சொன்ன இடத்தில் கரணையால் சீவினோம். முக்கால் மணி நேரத்தில் வட்டம் துலங்கியது. சுடுமண் உறையின் உடைந்த விளிம்பு ஒரு பக்கம் எட்டிப்பார்த்தது. முப்பது ஆண்டு வயல் வேலை செய்த கை அது. அகலமாகத் திறக்கும் திட்டத்தில் இப்படிப்பட்ட கைகள் நிறைய வேண்டும், அவர்களுக்கு நல்ல கூலியும் வேண்டும். ஆளைக் குறைத்து அகலத்தைக் கூட்டுகிற திட்டத்தை நான் ஒப்பமாட்டேன்.

துருக்கியில் சாட்டல்ஹூயுக் என்ற கற்கால ஊர்மேட்டில் இரண்டு வேகத்தையும் பார்க்கலாம். ஜேம்ஸ் மெல்லார்ட் 1960-களின் முதல் பாதியில் நான்கே பருவங்களில் ஏறத்தாழ இருநூறு கட்டடங்களைத் திறந்தார். சுவரோவியங்கள், காளைத்தலைகள் என்று உலகமே திரும்பிப் பார்த்தது. 1993-இல் அங்கே போன இயன் ஹாடரின் குழு 25 ஆண்டுகள் தோண்டியும் மேட்டில் சிறு பகுதியைத்தான் தொட்டது. ஒரு வீட்டின் சுவரில் ஒவ்வொரு ஆண்டும் பூசிய மெல்லிய பூச்சுகளைத் தனித்தனியாக எண்ணினார்கள். தரையின் எந்த மூலையில் சமைத்தார்கள், எந்த மேடைக்குக் கீழே இறந்தவரைப் புதைத்தார்கள் என்று சொன்னார்கள். இருநூறு கட்டடம் சொல்லாததைச் சில வீடுகள் சொல்லின. அகலம் என்றால் மேட்டையே வழிப்பது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஒரு வீட்டை முழுதாகத் திறப்பதும் அகலம்தான்.

ஹாடர் குழு தொடக்கத்தில் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆழமாகத் தோண்டாமல் மேல்மண்ணைச் சில செண்டிமீட்டர் மட்டும் சுரண்டி எடுத்தார்கள். பச்சைச் செங்கல் சுவர்களின் வரிசை அப்படியே வரைபடம்போல் தெரிந்தது. நம் மேடுகளில் இதைச் செய்யலாமா என்றால், அவ்வளவு எளிதில்லை. நம்மவர்கள் சுட்ட செங்கல்லால் கட்டினார்கள். சுட்ட செங்கல் எந்தக் காலத்திலும் விலை போகும். பின்னால் வந்தவர்கள் அதைப் பெயர்த்துக்கொண்டு போய் வேறு வீடு கட்டிவிடுவார்கள். சுவர் இருந்த இடத்தில் பள்ளம், பள்ளத்தில் கலைந்த மண். அரிக்கமேட்டில் இது நிறைய. சுவரே இல்லாத சுவரை மண்ணின் நிற மாற்றத்தை வைத்துத் தொடர வேண்டும். அப்புறம் ஏர், தென்னை வேர், பனை வேர், எலி வளை. மேலடி அரை மீட்டர் பெரும்பாலும் குழம்பித்தான் கிடக்கிறது.

கட்டமிட்டுத் தோண்டுகிறவர்களுக்கு ஒரு சிறு எச்சரிக்கை. ஐந்து மீட்டர் கட்டத்தில் ஒரு மீட்டர் வரப்பு விட்டால், தோண்டுவது நான்குக்கு நான்கு. நூற்றில் 64 பங்கு. மிச்சம் 36 பங்கு வரப்பிலேயே நிற்கிறது. அடுக்கைப் பார்க்க வரப்பு வேண்டும், சுவரைத் தொடர வரப்பை எடுக்க வேண்டும். வரைந்து, படமெடுத்து, பிறகு எடுத்துவிடுங்கள் என்பதே என் கட்சி. கீழடியைப்போலத் தென்னந்தோப்புக்குள் குழி போடும் இடங்களில் இந்தக் கணக்கும் உதவாது, மரம் விட்ட இடத்தில்தான் குழி.

படிவெட்டும் பெருவெட்டும்

மேற்காசியாவில் மேட்டின் சரிவில் படிக்கட்டுபோல வெட்டி இறங்குகிறார்கள். இருபது மீட்டர் உயர மேட்டுக்கு அது நல்ல வழி. நம் மேடுகள் மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் பரந்து கிடப்பவை. அந்த முறை இங்கே பெரிதாகப் பயன்படாது.

மேட்டின் நடுவே பெரிதாக ஒரே வெட்டு போட்டவர் ஜெர்மானியரான ஷ்லீமன். 1871 முதல் 1873 வரை டிராய் நகரைத் தேடி துருக்கியின் ஹிசார்லிக் மேட்டைப் பிளந்தார். கிரேக்கக் கவி ஹோமர் பாடிய டிராய் அடியில்தான் இருக்கும் என்று நம்பி இறங்கியவர், ஆயிரம் ஆண்டுகள் மூத்த ஊருக்குப் போய்விட்டார். அவர் தேடிய காலத்து அடுக்குகளை வழியிலேயே வெட்டி எறிந்திருந்தார். அவரைக் குறை சொல்லுவது இன்று எளிது. ஆனால் செங்கல் சுவர் கிடைக்கவில்லை என்பதற்காக நடுவில் வந்த இடைக்கால ஓடுகளையும், மேலே கிடந்த நாயக்கர் காலத்துத் தரையையும் நாம் எப்படி நடத்துகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். சங்ககாலம் வேண்டும் என்ற அவசரத்தில் மேலே இருக்கும் ஆயிரம் ஆண்டுகளை ஒரே வாரத்தில் அள்ளிக் கொட்டுவது அதே தவறுதான். அங்கே வாழ்ந்தவர்களும் நம் பாட்டன் பூட்டன்தான்.

தோண்டாமல் பார்ப்பது

முதல் ஆண்டில் தோண்டாதீர்கள் என்று சொன்னால் எந்தத் துறையும் முகம் சுளிக்கும். பணம் வந்திருக்கிறது, செய்தியாளர்கள் வருவார்கள், சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்திருக்கும். ஆனாலும் சொல்கிறேன். கீழடியே தோண்டிக் கண்டுபிடித்த இடம் இல்லை. வைகையின் இரு கரையிலும் நடந்து நடந்து, 293 இடங்களைக் குறித்த பிறகு, அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த ஒன்று. 2014-15 பருவத்தில் முதல் குழி போடும்போதே அது நூற்றுப் பத்து ஏக்கர் மேடு என்பது தெரிந்திருந்தது. நடந்த கால்களுக்குத்தான் அந்தப் பெருமை.

நடப்பது, ஓடு எந்த இடத்தில் எத்தனை கிடக்கிறது என்று கட்டம் போட்டு எண்ணுவது, கையால் திருகி இறக்கும் மண் துளைப்பானை இருபது மீட்டருக்கு ஒன்றாக இறக்கி எங்கே எத்தனை மீட்டர் படிவு இருக்கிறது என்று பார்ப்பது. இவற்றுக்குச் செலவு குறைவு. மண்ணின் காந்த மாற்றத்தை அளக்கும் காந்தமானியால் சூளையும் உலையும் நன்றாகத் தெரியும். எரிந்த மண் காந்தத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நிலத்தடி ரேடாரை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஈரக் களிமண்ணிலும் உப்பு ஏறிய கடலோர மண்ணிலும் அலை உள்ளே போகாமல் அடங்கிவிடும்.

இவை எல்லாவற்றையும்விட மலிவான வழி மேட்டின் ஓரத்திலேயே இருக்கும். ஆறு அரித்த கரை, செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளம், பாசன வாய்க்கால் வெட்டிய இடம். மேட்டை யாரோ ஏற்கெனவே வெட்டிவிட்டார்கள். அந்த வெட்டில் ஒரு மீட்டர் அகலத்தைச் சீவி நேராக்கினால், புதிதாக ஒரு பிடி அடுக்கைக்கூட அழிக்காமல் முழு வரிசையும் தெரியும். கரித்துண்டு கிடைத்தால், சிறு துணுக்கிலேயே கார்பன் தேதி பார்க்கும் ஏஎம்எஸ் ஆய்வுக்கு அனுப்பலாம். எந்த மேட்டில் கால் வைத்தாலும் நான் முதலில் தேடுவது இப்படி ஒரு ஓரத்தைத்தான்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

பத்துக் குழிக்கான பணம் என் கையில் இருந்தால், முதல் பருவத்தில் ஓரம் சீவுவதும் துளைப்பான் போடுவதும் மட்டும். இரண்டாம் பருவத்தில் இரண்டே இரண்டு ஆழக் குழி, ஒன்று மேட்டின் உச்சிக்குப் பக்கத்தில், ஒன்று ஓரத்தில். ஊர் காலப்போக்கில் இடம் நகர்ந்திருக்கும், ஒரு குழியை மட்டும் நம்பினால் ஒரு காலமே இல்லாததுபோல் தோன்றிவிடும். கீழடியில் 353 செண்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரிமாதிரி கி.மு. 580 என்று சொன்னது ஒரு பெரிய திருப்பம். அந்தச் செண்டிமீட்டர் கணக்கோடு சேர்த்து, அது எந்த அடுக்கு, மேலே என்ன, கீழே என்ன என்று சொல்ல முடிந்ததால்தான் அந்தத் தேதிக்கு எடை. மூன்றாம் பருவத்தில், எந்தக் காலம் நன்றாக இருக்கிறது என்று ஆழக் குழிகள் சொன்ன இடத்தில், மிச்சப் பணத்தை எல்லாம் போட்டு ஒரே இடமாக அகலத் திறப்பு. ஊர் முழுக்கச் சிதறிய எட்டுக் குழியைவிட, சேர்ந்திருக்கும் எட்டுக் குழி ஒரு வீட்டையாவது முழுதாகக் காட்டும்.

மேட்டில் பாதியை எந்தக் காரணத்துக்கும் தொடமாட்டேன். இதற்குத்தான் அரிக்கமேட்டுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. வீலர் அந்த இடம் கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியை ஒட்டித் தொடங்கி, கி.பி. 200 வாக்கில் முடிந்தது என்றும், ரோமானிய வணிகத்துக்கான நிலையம் என்றும் எழுதினார். அவர் தேதிக்குப் பிடித்துக்கொண்ட கயிறு ரோமானியப் பாண்டம். ஆகவே ஊரும் ரோமானியரின் நிழலிலேயே தெரிந்தது. பிறகு ழான்-மரி காசால் என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் 1947 முதல் 1950 வரை தோண்டி, ரோமானியப் பாண்டம் வருவதற்கு முந்தைய அடுக்குகளைக் கண்டார். 1989 முதல் 1992 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விமலா பெக்லி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மறுபடி தோண்டினார். ரோமானியர் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முன்பே அங்கே ஊர் இருந்தது, அவர்கள் போன பிறகும் தொடர்ந்தது என்று தெரிந்தது. ரௌலட்டட் ஓட்டின் தொடக்கமும் பின்னோக்கி நகர்ந்தது. அந்த ஓட்டை வைத்துத் தேதி சொன்ன மற்ற ஊர்களையும் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. வீலருக்கும் பெக்லிக்கும் இடையே 44 ஆண்டுகள். மேட்டில் தொடாத மண் மிச்சம் இருந்ததால்தான் அந்தத் திருத்தம் சாத்தியமானது.

இந்தத் தேர்வு எல்லா மேட்டுக்கும் பொருந்தாது. நாலுவழிச் சாலை வருகிறது, மணல் அள்ளுகிறார்கள், இரண்டு ஆண்டில் மேடே இருக்காது என்றால், பாதியைக் காப்பாற்றுவது வெறும் பேச்சு. அங்கே அகலமாக, வேகமாக, கிடைத்த ஆட்களோடு இறங்க வேண்டியதுதான். கொற்கை, உறையூர், காஞ்சிபுரம் போல் மேட்டின்மேல் இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊரில் அகலம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காலி மனையில், கோயில் நந்தவனத்தில், பள்ளிக்கூட மைதானத்தின் ஓரத்தில் கிடைத்த இடத்தில் ஒரு ஆழக் குழி. கொற்கையில் 1960-களின் கடைசியில் தோண்டி எடுத்த கரி கி.மு. 785 என்று சொன்னது அப்படிப்பட்ட சிறு குழியிலிருந்துதான்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் பணத்தில் பாதிக்கு மேல் தோண்டிய பிறகு செய்யும் வேலைக்கு வைக்க வேண்டும். ஓடு கழுவ, எண் எழுத, வரைய, எலும்பும் விதையும் பார்க்க, கரியை ஆய்வகத்துக்கு அனுப்ப, அறிக்கை அச்சிட. ஆதிச்சநல்லூரில் 2004-05-இல் நடந்த அகழாய்வின் அறிக்கைக்குப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்தோம். அறிக்கை எழுதும் ஆளையும் மாதங்களையும் திட்டத்திலேயே குறிக்காத ஒரு விண்ணப்பத்தை நான் பரிசீலித்தால், குழியின் இடத்தைப் பார்ப்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிடுவேன்.

கடைசி நாள் வேலை ஒன்று இருக்கிறது. குழியை மூடுவதற்கு முன்னால் அடியிலும் சுவரிலும் பிளாஸ்டிக் விரிப்பைப் பரப்ப வேண்டும். மூலையில் அந்த ஆண்டு அச்சடித்த ஒரு ரூபாய் நாணயம் ஒன்றைப் போட வேண்டும். பிறகு மண்ணைத் தள்ளலாம். ஐம்பது ஆண்டு கழித்து அதே மேட்டுக்கு யாரோ ஒரு பெண் கரணையோடு வருவார். விரிப்பு தட்டுப்பட்டதும் அவருக்குத் தெரிந்துவிடும், இதுவரை முன்னவர்கள் கை பட்ட மண், இதற்கு அப்பால் யாரும் தொடாதது என்று.